பதிலுக்கு நின்ற மாஸ்டர்

முத்துவேல் மாஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டு, குடையோடு வாசலில் நின்றிருந்தேன். என்னை ஏற்றிச் செல்ல வரும் த்ரீவீல்காரன் எங்கள் பாடசாலையில் படித்தவன். வழக்கமாக ஹாரன் அடிப்பான். அன்று அடிக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"டீச்சர், முத்துவேல் சேர் தவறிட்டாருங்க. விடியக்கால நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் பூசைக்குத்தான் போனேன். வேறு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாஸ்டரோடு எனக்கு ஒரு வாக்குவாதம் பாதியில் நின்றிருந்தது. அதற்கு அடுத்து நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை முழந்தாளில் நின்றபடியே அமைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்க ஆள் இல்லை என்பது எழுந்து நின்ற பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய மாணவர்களின் முகநூல் பக்கத்தில் அவருடைய படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே அஞ்சலிகள். அஞ்சலிகளுக்குக் கீழே சண்டை. "கேலி பண்ணக் கூடாதுன்னு சட்டம் போட்ட சேர்" என்று ஒருவர் உருகியிருந்தார். "அந்த மாதிரிச் சட்டத்தாலதான் இப்ப உள்ள பிள்ளைங்க எதையும் தாங்க மாட்டேங்குது. நாங்க வாங்காத கேலியா? செத்தா போயிட்டோம்?" என்று இன்னொருவர். அதற்கு ஒருவர் மறுப்பு, அந்த மறுப்புக்கு ஒருவர் ஏளனம். இன்னும் மனிதரைக் குளிப்பாட்டிக்கூட இருக்க மாட்டார்கள்.

கருமாதியன்று வெளியிடும் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவர் குடும்பத்தார் கேட்டதும் நான் உடனே ஒப்புக்கொண்டதற்கு அந்தச் சண்டைதான் காரணம். அவரை அறிந்த உங்களுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. கேலி செய்யக் கூடாது என்று முத்துவேல் மாஸ்டர் ஒருநாளும் விதி போடவில்லை. அவர் போட்ட விதி வேறு. அதன் வாசகத்தை எழுதியவள் நான். அது பிறந்த கதையைச் சொல்வதென்றால் சுகந்தி என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க டீச்சர். பேரையும் போடுங்க" என்றாள்.

முத்துவேல் எங்கள் பாடசாலைக்குக் கணித ஆசிரியராக வந்தபோது நான் பிரதி அதிபர். வயதில் என்னைவிடப் பத்து வருடமாவது இளையவர். கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். சட்டைப் பையில் எப்போதும் சுண்ணக்கட்டித் தூள் இருக்கும். நேரத்துக்கு வருவார், அதில் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல எனக்கு வேறொன்று இருந்தது. மாசி மாதம் வந்தால் அவர் தோட்டத்துக் காமன் கூத்தில் கோமாளி வேஷம் கட்டுவார். ஓர் ஆசிரியர், ஒழுக்கத்துக்குப் பொறுப்பானவர், சாக்குச் சட்டையும் கரி மீசையுமாக லயம் லயமாக ஆடிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை அவரிடமே சொன்னேன். "ஒரு தடவ வந்து பாருங்க டீச்சர்" என்றார். நான் போகவில்லை. கூத்து என்னிடம் வந்தது.

ஒரு பின்னேரம் கூத்துக்காரர்கள் அரிசியும் தேங்காயும் சேகரித்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த ஆசிரியர் விடுதிப் பக்கம் வந்தார்கள். பின்னால் பாதிப் பாடசாலை. என் வாசலுக்கு வந்ததும் கோமாளி நிமிர்ந்தார். ஒரு குச்சியைக் குடையாக்கிக் கக்கத்தில் இடுக்கினார். இல்லாத கடிகாரத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு, என் குரலிலேயே, "சூரியனே, நீ மூன்று நிமிடம் பிந்திவிட்டாய். வெளியே நில்!" என்றார். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அரிசியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே என் கணவர் சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் அது. அப்போது அவர் உயிரோடிருந்தார்.

மறுநாள் காலை மாஸ்டர் என் மேசைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன மாஸ்டர்?"

"நேத்து நான் சொன்னதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்களே டீச்சர். அதுக்குத்தான் நிக்கிறேன்."

"நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?"

"கோமாளி பேசிட்டுப் போனா, பேச்சு வாங்குனவங்க பதில் சொல்லணுங்க. அவன் நின்னு கேக்கணும். அதுவரைக்கும் வேஷம் கலைஞ்சதா கணக்கில்ல."

மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, கேளுங்கள். நேற்று நீங்கள் போட்ட மீசை கோணல். கரும்பலகையில் நீங்கள் வரையும் முக்கோணத்தைப் போலவே" என்றேன். அறையே சிரித்தது. அவர் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டு, "இப்பத்தான் மொகம் கழுவுன மாதிரி இருக்கு" என்று வகுப்புக்குப் போனார். அவருடைய தோட்டத்து வழக்கம் அது என்று பிறகு சொன்னார். கோமாளி கங்காணியைப் பேசலாம், கணக்கப்பிள்ளையைப் பேசலாம், துரையைக்கூடப் பேசலாம். கொழுந்து நிறுக்கும்போது கெஞ்சி நிற்கிறவளைப் பேசக் கூடாது. "மேல உள்ளவங்கள பேசுனாத்தான் அது கேலிங்க. கீழ உள்ளவனப் பேசுனா அதுக்குப் பேரு வேற."

சுகந்தி அப்போது பத்தாம் தரம். மாஸ்டரின் வகுப்பில் அவரே பிழை விடும் கணக்கைத் திருத்தக்கூடியவள். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். முதல் இரண்டு வருடம் அங்கிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். சப்பாத்து, புத்தகப்பை, சொக்லட். அந்த நாளில் வகுப்பில் அவளுக்குப் "பார்சல்" என்று பெயர் வைத்தார்கள். பிறகு பெட்டி வருவது நின்றது. அதன்பின் தாயின் தொலைபேசி அழைப்பும் நின்றது. பெயர் மட்டும் நிற்கவில்லை. அவள் எழுந்து பதில் சொன்னால் பின்வரிசையிலிருந்து, "பார்சல் வந்துருச்சு!" வராத நாளில், "பார்சல் தொலஞ்சிருச்சு!"

இதில் முன்னணியில் நின்றவன் தினேஷ், அவளுடைய தாய்மாமன் மகன். மாஸ்டர் அவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் கொஞ்சமும் பயப்படவில்லை.

"எனக்கு அத்த மக சேர். முறை இருக்கு. நான் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா?"

லயங்களில் அது உண்மைதான். மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரையொருவர் சீண்டுவதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை. சீண்டாவிட்டால்தான் என்ன கோபம் என்று கேட்பார்கள். மாஸ்டர் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முறை ஒனக்கு இருக்கு, சரி. பின்னால சிரிக்கிற முப்பது பேருக்கும் அவ அத்த மகளாடா?"

சுகந்தி வாரத்துக்கு இரண்டு நாள் வராமல் இருக்கத் தொடங்கினாள். அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. இப்படியே போனால் அவள் அதற்கு உட்காரப் போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பதினைந்து வயதில் நின்றுவிட்ட பெண்களுக்கு இங்கே என்ன காத்திருக்கிறது என்றும் தெரியும். இரண்டு வருடம் வீட்டில் சமையல், பிறகு கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் சமையல்.

ஆசிரியர் கூட்டத்தில் என் கருத்தை நான் ஒளிக்கவில்லை. இதற்கெல்லாம் விதி போட்டால் பிள்ளைகளுக்கு முதுகெலும்பே வளராது என்றேன். நான் நுவரெலியாவில் கன்னியர் மடத்துப் பாடசாலையில் விடுதியில் இருந்து படித்தவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவரின் மகள். அங்கே நகரத்துப் பிள்ளைகள் எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். பள்ளி முடியும்வரை அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. இறுதியாண்டில் மாணவத் தலைவியானேன். "தாங்கினேன். தாங்கியதால்தான் இங்கே இருக்கிறேன்" என்றேன்.

முத்துவேல் மாஸ்டர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். "என்ன பேரு டீச்சர்?" என்றார்.

"எது?"

"ஒங்களுக்கு வச்ச பேரு."

நான் சொல்லவில்லை. அந்தப் பெயரை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை; இங்கும் எழுதப் போவதில்லை. மாஸ்டர் பென்சிலை மேசையில் வைத்தார். "நாப்பது வருஷமா வாயால சொல்ல முடியாத ஒண்ணத் தாங்கிட்டேன்னு சொல்றீங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் அவரோடு ஒரு கிழமை பேசவில்லை.

அதிபர் எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து ஒரு முடிவு எடுத்தார். பட்டப்பெயர் தடை. எந்தெந்தப் பெயர்கள் என்று தெளிவாகக் காலைக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் வேலை ஒழுக்கத்துக்குப் பொறுப்பான முத்துவேலுக்கு.

இந்த இடத்தில் அவர் பிழை விட்டார். இறந்தவர் என்பதற்காக நான் அதை மறைக்க மாட்டேன், அவரும் மறைக்கவில்லை. கூத்தில் ஊரார் குறையையெல்லாம் கோமாளி வெளிச்சத்தில் போட்டு உடைப்பான். உடைத்ததும் அதன் விஷம் போய்விடும். பாடசாலையிலும் அப்படியே ஆகும் என்று நம்பினார். மேடையில் ஏறினார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் தொடங்கினார். "இன்று முதல் பின்வரும் பெயர்கள் கூடாது. புளிமூட்டை." முதல் வரிசையில் ஒரு சிரிப்பு. அவர் நிறுத்தினார். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு பெருகும் என்பது அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. "கொக்கு." சிரிப்பு நடுவரிசைக்குப் போனது. "பழைய ரயில்." ஆசிரியர்களும் சிரித்தோம். "பார்சல்." மைதானம் முழுவதும் வெடித்தது. அதுவரை ஒரு வகுப்புக்கு மட்டும் தெரிந்திருந்த பெயருக்கு உரியவளை ஆறாம் தரத்துப் பிள்ளைகள் வரை திரும்பிப் பார்த்துத் தேடினார்கள்.

அவர் அதற்குமேல் வாசிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேரே என் பக்கம் வந்தார். "டீச்சர், அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றார். நான் திரும்பினேன். பத்தாம் தர வரிசையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. வாசற்கதவுப் பக்கம் வெள்ளைச் சீருடை ஒன்று பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஒரு கிழமை பார்த்தோம். வரவில்லை. மறு சனிக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறி, பிறகு மலைப்பாதையில் நடந்து அவளுடைய லயத்துக்குப் போனோம். நான் ஏன் போனேன் என்றால், மாஸ்டர் ஏதாவது கோமாளித்தனம் செய்துவிடுவார் என்ற பயத்தில்.

தகப்பன் லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நாற்காலிகளைத் துடைத்தார்.

"வாங்க டீச்சர், வாங்க சேர். பாருங்க இந்தக் கூத்த. பேரு வச்சதுக்குப் படிப்ப விடுவாளா ஒருத்தி? எனக்கு இந்தத் தோட்டத்துல என்ன பேரு தெரியுங்களா? 'ஓட்டவாளி'. சம்பளம் போடுற செக்ரோலத் தவிர எல்லாத்துலயும் அதான் பேரு. நான் வேலைய விட்டுட்டேனா?"

எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போனது. "கேட்டாயா சுகந்தி?" என்றேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "அப்பா சொல்வதுதான் சரி. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நீ தாங்கிப் பழக வேண்டும்."

"எவ்வளவு நாளைக்கு டீச்சர்?" என்றாள்.

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றதைப் போலவே அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் ஒன்னயப் பேசிட்டேன் புள்ள. எல்லாரு முன்னாலயும் பேசிட்டேன். நீ இன்னும் பதில் சொல்லல. ஒனக்கு எப்ப தோணுதோ அப்ப சொல்லு. நான் நின்னு கேக்கணும்."

"சேருக்கு நான் என்ன சொல்றது?"

"ஒனக்கு என்ன தோணுதோ அது."

அவள் கதவு நிலையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகு, "மேடையில சொல்லலாமா?" என்றாள்.

"என்னது?" என்றேன் நான்.

"சொல்லலாம்" என்றார் மாஸ்டர்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டினேன். ஒரு மாணவி, முழுப் பாடசாலையின் முன்னால், ஆசிரியரை எதிர்த்துப் பேசுவதா? நாளை எல்லோரும் பேசுவார்கள். இதற்குப் பிறகு உங்கள் சொல்லுக்கு யார் அடங்குவார்கள்? அவர் மழைக்குத் தலையில் ஒரு பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு நடந்தார். கடைசியில், "தாங்குற சக்தி வேணும்தான் டீச்சர். நான் இல்லேங்கல. அது பேச்சு வாங்குறவளுக்கு மட்டும் போதும்னு எப்படி முடிவு பண்ணுனோம்? பேசுறவனுக்கு வேணாமா?" என்றார்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். அதிபருக்கு நாங்கள் முழுவதையும் சொல்லியிருக்கவில்லை. வருத்தம் தெரிவிக்கும் நிகழ்ச்சி என்று மட்டும் சொல்லியிருந்தோம். மாஸ்டர் மேடைக்குக் கீழே, பிள்ளைகளுக்கு முன்னால், தனியாக நின்றார். அவள் மேலே ஏறினாள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சேர், கூத்துல நீங்க வேஷம் கட்டிக்கிட்டு வருவீங்க. நாங்க சிரிப்போம். அன்னிக்கு வேஷம் கட்டாமயே வந்துட்டீங்க. அது நல்லா இல்ல."

அதிபர் என்னைப் பார்த்தார். நான் முன்னே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கிவிடுவாள் என்று நினைத்தோம். இறங்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா பார்சல் அனுப்புனாங்க. உண்மைதான். அதுல இருந்த சொக்லட்ட நான் மட்டும் திங்கல. தின்னவங்க எல்லாம் கையத் தூக்குங்க பாப்போம்."

முதலில் ஒரு கை. பிறகு நாலைந்து. பிறகு பத்தாம் தரத்தில் முக்கால்வாசி. யாரோ, "தினேஷு, நீ ரெண்டு கையயும் தூக்குடா!" என்று கத்தினார்கள். மைதானம் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு இடத்தில் விழுந்தது. தினேஷின் காது சிவந்ததை நான் பார்த்தேன். சுகந்தியும் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "பதில் கெடச்சிருச்சு. நன்றி" என்று சொல்லிவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போனார்.

அந்த வாரம்தான் விதி பிறந்தது. அவர் சொன்னதை நான் ஒழுங்கான தமிழில் எழுதினேன்: "ஒருவரைக் கேலி செய்தவர், எவர் முன்னால் கேலி செய்தாரோ அவர்கள் முன்னாலேயே, கேலிக்கு உள்ளானவரின் பதிலை நின்று கேட்க வேண்டும். அந்தப் பதில் வரும்வரை அவர் வேறு எவரையும் கேலி செய்யலாகாது." பிரம்புக்குப் பயப்படாத பையன்கள் இதற்குப் பயந்தார்கள். சுகந்தி பரீட்சைக்கு உட்கார்ந்தாள். கணிதத்தில் அதிசிறப்புச் சித்தி.

இங்கே நிறுத்தினால் இது நல்ல கதையாகிவிடும். மாஸ்டரே நிறுத்த விடமாட்டார். சுகந்திக்கு வாய் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, பேசினால் திக்கும் பிள்ளை ஒன்றை வகுப்பில் கேலி செய்தபோது இதே விதியைப் பிரயோகித்தார்கள். பதில் சொல்ல எழுந்து நின்ற அந்தப் பிள்ளைக்குச் சொல் வரவில்லை. வகுப்பே பொறுமையாகக் காத்திருந்தது. அந்தப் பொறுமையைப் போலக் கொடுமை வேறில்லை. அந்தப் பிள்ளை அந்தத் தவணையோடு படிப்பை விட்டு நின்றுவிட்டது. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். மாஸ்டர் என் வீட்டுக்கு வந்து, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "அதுக்கு நான் போட்டது விதியில்ல டீச்சர். இன்னொரு மேட" என்றார்.

"அப்படியானால் தடைதான் சரி என்கிறீர்களா?" என்றேன்.

"நீங்க என்னங்க சொல்றீங்க?"

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு நாள் எழுந்தால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் சுருங்கிப் போகிறார்கள், கொஞ்சம் காய்ச்சி அடித்தால்தான் இரும்பு ஆவார்கள் என்று தோன்றுகிறது. மறுநாள், நான் நேரில் பார்க்காத அந்தத் திக்குவாய்ப் பிள்ளை நின்ற நிலை கண்ணுக்குள் வருகிறது. இதைப் பற்றித்தான் பதினைந்து வருடங்களுக்குமேல் நாங்கள் தொலைபேசியில் சண்டை போட்டோம். அவர் தவறுவதற்கு முந்திய இரவு கூப்பிட்டபோது, "இப்பவாச்சும் அந்தப் பேரச் சொல்லுங்களேன் டீச்சர்" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

"அப்பத் தாங்கல."

"தாங்கினேன் மாஸ்டர். மறக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல."

"அது சரிங்க" என்றார். "அதுக்கு நாளைக்குப் பதில் சொல்றேன்." அந்த நாளை வரவில்லை.

மரண வீட்டுக்குப் போனேன். கூத்துக்காரர்கள் தப்பு மேளத்தோடு வந்திருந்தார்கள். சுகந்தி தன் ஆறு வயது மகளோடு பொல்பிட்டியவிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் அளவுக் கணக்குப் பார்க்கிறாளாம். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த ஒருவன் அவளைக் கண்டு முகம் மலர்ந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தாலும் தினேஷை எனக்குத் தெரிந்தது.

"ஏ பார்சல்! எப்ப வந்து எறங்குன?"

வெறுப்பில்லை; பாசமாகத்தான் கூப்பிட்டான். சுகந்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ கொடம் தூக்குற லட்சணத்தப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள். அக்கம்பக்கத்தில் லேசாகச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"அம்மா, அவரு ஏன் ஒங்களப் பார்சல்ங்கறாரு?"

சுகந்தி வாயைத் திறந்தாள். அவள் சுலபமாக ஏதாவது சொல்லியிருக்கலாம், 'சும்மாம்மா' என்று. சொல்லவில்லை. "அவரு ஒனக்கு மாமா. அவரையே கேளு" என்றாள்.

பிள்ளை எழுந்துபோய் அவன் முன்னால் நின்றது. "ஏன் மாமா?"

"அது வந்து பாப்பா... ஒங்க அம்மாச்சி வெளிநாட்டுலருந்து சாமானெல்லாம் அனுப்புவாங்க. அதான்."

"அப்ப சாமான்தானே பார்சலு? அம்மாவ ஏன் சொன்னீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். பதினைந்து வயதில், மைதானத்தில் காது சிவந்து நின்றபோது பார்த்த அதே பார்வை. வேறு சமயமாக இருந்தால், மரண வீட்டில் இதென்ன பேச்சு என்று நானே பிள்ளையை அதட்டியிருப்பேன். "பிள்ளை கேட்கிறது தினேஷ். பதில் சொல்லுங்கள்" என்றேன்.

தப்புச் சத்தம் ஏறியது. பாடை தூக்க ஆண்களைக் கூப்பிட்டார்கள். "வந்து சொல்றேன் பாப்பா" என்று குடத்தை வைத்துவிட்டுப் போனான். ஆண்கள் எல்லோரும் போனார்கள். அந்தப் பிள்ளை வாசற்படியிலேயே நின்றது. த்ரீவீல்காரன் வந்து, "மழ வருதுங்க டீச்சர், போவமா?" என்றான். காத்திரு என்றேன்.

காடு போனவர்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினார்கள். தினேஷ் வேறு பக்கத்தால் உள்ளே போயிருக்கலாம். நேரே வந்தான். பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தான்.

"ஒங்கம்மா என்னைய விடக் கெட்டிக்காரி பாப்பா. கணக்குல எப்பவும் முந்திருவா. வேற எதுலயும் என்னால ஜெயிக்க முடியல. அப்பிடிக் கூப்பிட்டா அவ மூஞ்சி சுருங்கும். அதப் பாத்தா எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

"இப்பயுமா?"

"இப்ப... பழக்கத்துல வந்துருச்சு. இனிமே கூப்பிடல."

பிள்ளை தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. அதற்கு அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் நின்ற சுகந்தி மட்டும் வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே போய் அவளை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பட்டது.

வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குத் தாங்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். கேலி செய்த ஒரு வாயிலிருந்து, 'ஏன் செய்தாய்' என்ற கேள்விக்கு உண்மையான பதில் வந்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. நுவரெலியாவில் என்னோடு படித்தவர்கள் பாட்டிகளாகிவிட்டார்கள். சிலர் கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். அவர்களில் எவரும் எனக்கு முன்னால் வந்து நின்றதில்லை. நானும் எவரையும் நிற்கச் சொன்னதில்லை. தாங்குவது மட்டுமே என் வேலை என்று நினைத்திருந்தேன்.

முத்துவேல் மாஸ்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த விதியை அல்ல. அதில் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. நான் எடுத்துக்கொண்டது, ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த நிலையை. அதை இந்த வயதில் என் உடம்பு பழகுமா என்று தெரியாது. இப்போதைக்கு, கேட்ட பிள்ளைக்குப் பதில் வரும்வரை மழையில் த்ரீவீலைக் காக்க வைக்கும் அளவுக்குப் பழகியிருக்கிறது.